பெருகியது எந்த மகசீர்?

"மகசீர் காப்பாற்றப்பட்டுவிட்டது" என்ற வாக்கியம் சில ஆண்டுகளாகச் சூழலியல் வட்டாரங்களில் தயக்கமின்றிச் சொல்லப்படுகிறது. வகுப்பறையில் அது வெற்றிக்கதை. பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு அறிக்கைகளில் அது வண்ணப்படம். மும்பையின் வடாலாவில் இருந்துகொண்டு ஆற்று மீன்பிடியின் வரலாற்றைப் படித்துவரும் ஓர் ஆய்வாளன் என்ற முறையில் அந்த வாக்கியத்தை நான் மறுக்கிறேன். மறுப்பு சற்று நீளமானது, பொறுமையுள்ளோர் படிக்க.

முதலில் இரண்டு ஆண்டுகள். 2018-இல் காவிரியின் திமில் மகசீர், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், இயற்கையில் அற்றுப்போவதற்கு முந்தைய படியில் வைக்கப்பட்டது. 2020-இல் அதே பட்டியலில், அதுவரை அருகிவரும் இனமாக இருந்த நீலத்துடுப்பு மகசீர் 'கவலை குறைந்த இனம்' என்று மாற்றப்பட்டது. நாளிதழ்கள் கொண்டாடியது இரண்டாவது செய்தியை. நம் பாடத்திட்டங்களுக்குள் வந்ததும் அதுதான். இரண்டும் 'மகசீர்' என்பதால் ஒன்றின் மீட்சி மற்றொன்றின் மரணத்தை மூடிவிட்டது. ஒரு பொதுப்பெயர் இவ்வளவு வேலை செய்யும் என்பதை மொழியியலாளர்கூட எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இவ்விரு மீன்களையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன். நீலத்துடுப்பு மகசீர் தக்காணத்து மீன். கர்னல் வில்லியம் சைக்ஸ் 1839-இல் புனேயை அடுத்த முளா–முட்டா ஆற்றிலிருந்து அதை விவரித்துப் பெயரிட்டார். கிருஷ்ணை வடிநிலம் அதன் வீடு. திமில் மகசீர் காவிரி வடிநிலத்துக்கு மட்டுமே உரியது. தலைக்குப் பின்னால் காளைக்கு இருப்பதுபோல் எழும்பிய முதுகு, செம்மஞ்சள் துடுப்புகள், ஐம்பது கிலோவைத் தாண்டும் உடல். 1946-இல் கபினியாற்றில், மைசூரின் புகழ்பெற்ற விலங்குப் பாடக்குடும்பமான வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் பிடித்த மகசீர் 120 பவுண்டு. தூண்டில் உலகில் இன்றும் பேசப்படும் எடை அது. கண்ணுக்கு உவமையாகக் கெண்டையை ஆயிரம் முறை அழைத்தவர்கள் நாம். ஆனால் கெண்டைக் குடும்பத்தின் இந்தப் பேருரு நம் ஆற்றில் இருப்பதைப் படித்த தமிழர்கள் அறிந்தது வெளிநாட்டார் எடுத்த புகைப்படங்களின் வழியாகத்தான். பரிசல்காரருக்கும் வலைகாரருக்கும் அது எப்போதும் தெரிந்த மீன்.

இவ்வளவு பெரிய, இவ்வளவு புகழ்பெற்ற விலங்குக்கு 2018 வரை உறுதியான அறிவியற்பெயர் இல்லை. 1940களில் சுந்தர்லால் ஹோரா, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதிய கட்டுரைத் தொடரில், சைக்ஸின் 'முசுல்லா' என்ற பெயரை அதற்குப் பொருத்தினார். அந்தப் பெயர் வேறொரு பேரின மீனுக்குரியது என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெளிந்தது. 2007-இல் குருப், ராதாகிருஷ்ணன் இருவரும் கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து ஒரு மகசீரை விவரித்து, இந்திய விலங்கியல் மதிப்பாய்வகத்தின் மீனியலாளர் ரேமா தேவியின் பெயரைச் சூட்டினர். பாம்பாறு அமராவதி வழியாகக் காவிரியில் சேர்வது. மோயாற்றில் கிடைத்த மீன்களை அதனுடன் ஒப்பிட்டு, காவிரியின் திமில் மகசீரும் இதுவே என்று பிண்டர், இராகவன் முதலியோரின் குழு 2018-இல் நிறுவியது. பெயர் கிடைத்த அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவிப்பும் வந்தது. பெயரற்ற ஒன்றைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க வழியில்லை. பெயரிட யாருக்கும் அவசரம் இருக்கவில்லை என்பதே உண்மை. அவசரம் இல்லாமற்போனது ஏன் என்பதுதான் என் கேள்வி.

விடையைத் தேட ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டும். டே, ஸ்பே, ட்வீட், டீ ஆகிய ஆறுகளில் சால்மனையும் கடல் டிரவுட்டையும் தூண்டிலிட்டுப் பிடிப்பது அங்கே வெறும் பொழுதுபோக்கு அன்று, அது சொத்து. சால்மன் பிடிக்கும் உரிமை அந்நாட்டுச் சட்டப்படி நிலத்திலிருந்து தனித்து நிற்கும் சொத்துரிமை. கரையில் ஒரு முழம் நிலம் இல்லாதவரும் அந்த உரிமையை வாங்கலாம், விற்கலாம், பரம்பரைக்கு விட்டுச் செல்லலாம். கரையிலேயே பிறந்து வளர்ந்தவர் ஒரு சால்மனைப் பிடித்தால் திருடர் ஆகலாம். இச்சட்டத்தில் 'சால்மன்' என்ற சொல் கடல் டிரவுட்டையும் உள்ளடக்கும். உயிரியல்படி அவை வேறு வேறு இனங்கள். மறுபுறம், கடல் டிரவுட்டும் ஆற்றிலேயே தங்கிவிடும் பழுப்பு டிரவுட்டும் ஒரே இனம். சட்டம் அவற்றைப் பிரித்து வைக்கிறது. இரண்டு மீனுக்கு ஒரு பெயர், ஒரு மீனுக்கு இரண்டு பெயர். இதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பகுப்பின் அடிப்படை மீன் அல்ல, அதைப் பிடிப்பவரின் இன்பமும் அதன்மீதான உரிமையும் என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

இந்தக் கண்ணோட்டம் கப்பலேறி இங்கே வந்தது. சென்னை மாகாண அரசுப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியாவில் தூண்டிலிடுவது பற்றி நூல் எழுதினார். அதில் மகசீரை அவர் சால்மனோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறார். போராட்ட ஆற்றலில் மகசீர் தாழ்ந்ததன்று, மேலானது என்பது அவர் துணிபு. அதன்பின் 'இந்தியச் சால்மன்' என்ற பட்டம் மகசீருக்கு நிலைத்தது. (மும்பை உணவகங்களில் இப்பட்டம் கடல்மீனான ராவஸுக்கும் உண்டு. நம்மூர்க் காலா மீன்தான் ராவஸ். வடாலாச் சந்தையில் கோலிப் பெண்களிடம் சால்மன் கேட்டால் அதைத்தான் எடுத்துத் தருவார்கள். சால்மன் குடும்பத்தோடு அதற்கும் உறவில்லை, மகசீருக்கும் உறவில்லை.) அதே 1873-இல் படைமருத்துவரும் மீனியலாளருமான பிரான்சிஸ் டே, இந்தியா–பர்மா நன்னீர் மீன்வளம் பற்றிய தம் அறிக்கையை வெளியிட்டார். ஆறுகளில் மீன் குறைவதற்கு உள்ளூர் மக்களின் சிறுகண் வலைகளும் கூடைப்பொறிகளும் காரணம் என்பது அவ்வறிக்கை வற்புறுத்திய கருத்துகளுள் ஒன்று. 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைப்பதையும் நஞ்சிடுவதையும் அது தடை செய்தது சரியே. ஆனால் அந்தத் தலைமுறை வகுத்த படிநிலை இன்றும் குலையவில்லை: தூண்டிலிடும் துரை மீனின் நண்பர், வலை வீசும் குடியானவர் மீனின் பகைவர்.

காவிரிக்கு வருவோம். 1970களின் பிற்பகுதியில் மூன்று ஆங்கில இளைஞர்கள் இந்தியாவெங்கும் தேடியலைந்து, காவிரியில் பெரிய மகசீர் இன்னும் உண்டு என்று உலகுக்கு அறிவித்தனர். அதன்பின் கர்நாடகப் பகுதியில் பீமேசுவரி, காலிபோர், தொட்டமாக்கலி ஆகிய இடங்களில் முகாம்கள் எழுந்தன. உலகெங்கிலுமிருந்து தூண்டில்காரர்கள் வந்தனர். பிடித்த மீனைப் படமெடுத்துவிட்டுத் திரும்ப ஆற்றில் விட வேண்டும் என்பது விதி. அவர்களுக்கு ஆற்றின் மடுவையும் பாறையையும் காட்டிக்கொடுத்த உள்ளூர் ஆண்களைக் 'கில்லி' என்று அழைத்தனர். கேலிக் மொழியில் பையன், பணியாள் என்று பொருள்படும் சொல் அது. ஸ்காட்லாந்தின் பண்ணையாற்றில் சீமானுக்குத் துணை நிற்பவரின் பட்டம். காவிரிக்கரையில் மூன்று தலைமுறையாக வலை வீசிய குடும்பத்து மனிதருக்கு, அவர் அறிவுக்காகவே வேலை கொடுத்துவிட்டு, அவரை அழைக்க எட்டாயிரம் கிலோமீட்டர் அப்பாலிருந்து ஒரு பணியாள் சொல்லைக் கொண்டுவந்திருக்கிறார்கள். சமூகவியல் மாணவர்களுக்கு இந்த ஒரு சொல்லில் ஓர் ஆய்வேடு இருக்கிறது.

முகாம்களுக்கு மீன் வேண்டும். மீன் குறைந்தால் இருப்புச் செய்ய வேண்டும். அங்கேதான் மும்பை நுழைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கிழக்கே ஓட வேண்டிய நீரைத் தேக்கி மேற்கே திருப்பி, 1915 முதல் பம்பாய் ஆலைகளுக்கு மின்சாரம் தந்தது டாடா நிறுவனம். அந்த ஏரிகளுள் ஒன்றான வல்வானின் கரையில், லோனாவ்லாவில், 1970களில் அந்நிறுவனத்தின் மகசீர்க் குஞ்சு பொரிப்பகம் வளர்ந்தது. செயற்கை முறையில் நீலத்துடுப்பு மகசீரைப் பெருக்கியது அங்கே நடந்த உண்மையான அறிவியல் சாதனை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. லோனாவ்லா கிருஷ்ணை வடிநிலத்தின் தலைப்பகுதி. அந்த மீன் அம்மண்ணுக்கு உரியது. அணைகளால் வழி அடைபட்ட மீனுக்கு அணை கட்டியவரே பொரிப்பகம் வைப்பதில் ஒரு கடன் தீர்ப்பும் இருக்கிறது. (சைக்ஸ் விவரித்த அதே முளா ஆற்றில், முல்ஷியில் அணை எழுந்தபோது, 1921-இல் சேனாபதி பாபட் தலைமையில் குடியானவர்கள் நடத்திய சத்தியாகிரகம் வேறு கதை. நிலமிழந்தவர்களுக்குப் பொரிப்பகம் ஏதும் வைக்கப்படவில்லை என்பதை மட்டும் குறித்துவிட்டு நகர்கிறேன்.)

பிழை அந்தக் குஞ்சுகள் மலையிறங்கிப் பிற மாநிலங்களுக்குப் போனதில் தொடங்குகிறது. லட்சக்கணக்கில் வளர்க்கப்பட்ட விரலிகள் நாட்டின் பல நீர்நிலைகளுக்கு வழங்கப்பட்டன, காவிரிக்கும் வந்தன. காவிரிக்குத் தனக்கென்று ஒரு மகசீர் இருந்தது. அதற்குப் பெயர் இல்லை, ஆகவே அது இல்லாததுபோல் கொள்ளப்பட்டது. 'மகசீர் குறைகிறது, மகசீரை விடுவோம்' என்ற எளிய சூத்திரம் போதுமானதாக இருந்தது. புதுக்கோட்டைக் குளத்தில் குரவை குறைந்தது என்று விராலை விட்டுவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் அந்த ஊர்ச் சிறுவன்கூடச் சிரிப்பான். ஆனால் இங்கே சிரிக்க வேண்டியவர்கள் முகாமுக்கு விருந்தினராகப் போயிருந்தார்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். என் சினம் முழுவதும் இதில்தான். காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை ஒவ்வொரு தூண்டில்காரரும் எத்தனை மணிநேரம் தூண்டிலிட்டார், எத்தனை மீன் பிடித்தார், எடை என்ன என்று குறிப்பேட்டில் பதிந்திருக்கிறார்கள். 6,000-க்கும் மேற்பட்ட மகசீர்கள் அதில் உள்ளன. பிண்டர், இராகவன், பிரிட்டன் மூவரும் 2015-இல் இந்தத் தரவை ஆராய்ந்தனர். 'மகசீர்' என்று மொத்தமாகக் கூட்டினால், மணிக்குக் கிடைக்கும் மீனின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. பிடித்து விடும் முறையும் கரைக்காவலும் பயன் தந்துவிட்டதாகத் தோன்றுகிறது. அதே குறிப்பேடுகளை இனவாரியாகப் பிரித்தால், நீலத்துடுப்பு பெருகுகிறது. திமில் மகசீர் சரிகிறது. எஞ்சிக் கிடைத்த திமில் மகசீர்கள் பெரியவை, கிழடுகள். குட்டி மீன் தூண்டிலில் படுவதே நின்றுவிட்டது. இனப்பெருக்கம் அற்றுப்போன ஒரு குலத்தின் கடைசி முதியவர்களைத்தான் விருந்தினர்கள் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஏடு, ஒரே ஆறு, ஒரே பதினைந்து ஆண்டுகள். கூட்டும்போது வெற்றி, பிரிக்கும்போது சாவு.

நீலத்துடுப்புதான் திமிலைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அதற்கான சான்று முழுமையாக இல்லை. மேட்டூர் 1934-இல் ஆற்றைக் குறுக்கே அடைத்தது, மேலே கிருஷ்ணராஜசாகர், மணற்கொள்ளை, வெடி, சாக்கடை, கோடையில் வற்றும் மடுக்கள் என்று குற்றவாளிகள் பலர். நான் சொல்வது வேறு. குற்றம் நடந்துகொண்டிருந்தபோது அது கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தது எது என்றால், வெளியிலிருந்து வந்து நிரம்பிய மீன்தான். காவலர் மாற்றிவைத்த பொம்மையைப் பார்த்துக் கைதி உள்ளேதான் இருக்கிறான் என்று நாம் நம்பினோம்.

இங்கே எழக்கூடிய மறுப்புகளை அறிவேன். தூண்டில்காரர்கள் குறிப்பேடு எழுதியதால்தானே இந்த உண்மையே வெளிப்பட்டது என்பார்கள். மெய்தான், அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. அதன்மேல் ஒரு கேள்வியும் கேட்பேன்: ஒக்கேனக்கல் வலைகாரர்களின் நினைவையும் கணக்கையும் அதே பதினைந்து ஆண்டுகளில் யாராவது பதிந்தார்களா? கிலோவுக்கு விலை பேசுபவர் மீனின் இனத்தைப் பிரித்தறியாமல் பேச முடியாது. அந்த அறிவு தரவு ஆகவில்லை, அது தமிழிலும் கன்னடத்திலும் இருந்ததால்.

முகாம்கள் இருந்தவரை வெடிக்காரர்கள் அஞ்சினார்கள், சரணாலய எல்லைக்குள் தூண்டில் விளையாட்டு 2012-வாக்கில் நின்றபின் ஆறு காவலற்றுப்போனது என்பது இன்னொரு மறுப்பு. இதிலும் உண்மை இருக்கிறது. ஓர் ஆற்றின் காவல் வெளிநாட்டு விருந்தினரின் வாடகையை நம்பி இருந்தது என்றால், வெட்கப்பட வேண்டியது அரசு. அதற்காக முகாமைக் கோயிலாக்க முடியாது. கரைவாழ் மக்களுக்கு மீன்பிடி உரிமையும் அதனோடு காவற்பொறுப்பும் தரும் வழி இருக்கையில், துப்பாக்கியும் விருந்தினர் மாளிகையும் மட்டுமே வழிகள் என்று நம் பாதுகாப்பு இலக்கியம் ஏன் பேசுகிறது?

பிடித்து விடும் முறையே மீனைக் காக்கும் என்போர் ஸ்காட்லாந்தையே பார்க்கட்டும். அங்கே தூண்டிலில் பிடிபடும் சால்மனில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இப்போது திரும்ப விடப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமையில் சால்மனுக்குத் தூண்டிலிடக் கூடாது என்ற பழைய தடையும் தொடர்கிறது. மீனுக்கும் ஓய்வுநாள் தந்த பக்தி அது. இருந்தும் 2023-இல் பிடிபட்ட சால்மன் ஏறத்தாழ 32,500. 1952-இல் கணக்கெடுப்புத் தொடங்கியதிலிருந்து அவ்வளவு குறைவு அதற்குமுன் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மன் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. கடல் சூடேறுகிறது, ஆறு சூடேறுகிறது, பண்ணைச் சால்மனின் பேன்கள் பரவுகின்றன. தூண்டில் முனையில் காட்டும் கருணை இவற்றை எட்டுவதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் தங்கள் மீன் சாவதை ஆண்டுதோறும் எண்ணி அறிந்துகொண்டிருக்கிறார்கள்.

இது கர்நாடகத்தின் கதை என்று தமிழ் நண்பர்கள் ஒதுங்க வேண்டாம். திமில் மகசீர் இன்று உறுதியாக அறியப்படும் புகலிடங்களுள் முதன்மையானது மோயாறு. முதுமலையை ஒட்டி, பள்ளத்தாக்கில் இறங்கி, பவானிசாகரில் கலக்கும் நம் மோயாறு. அதன் தலைப்பகுதி பைக்காரா. முக்குருத்தி மலையில் பிறப்பது. இதே நீலகிரியின் ஓடைகளில்தான் ஆங்கிலேயர் தங்கள் ஸ்காட்லாந்தைக் கட்ட முயன்றார்கள். 1860களில் டிரவுட்டைக் கொண்டுவர பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். 1907-இல் வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். கடைசியில் அங்கே நிலைத்தது ஸ்காட்லாந்தின் பழுப்பு டிரவுட் அன்று, வட அமெரிக்காவின் வானவில் டிரவுட். நூற்றாண்டு கடந்த அந்தப் பொரிப்பகத்துக்குச் சுற்றுலாக் கையேட்டில் இடமுண்டு. ஓடையின் மேற்தலையில் விருந்தாளி மீனுக்கு அரசுப் பொரிப்பகம். கீழ்ப்பள்ளத்தாக்கில் சொந்த மீன் பெயரில்லாமல் கிடந்தது. பொரிப்பகத்தைக் கட்டிய வெள்ளையர் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிறது. அந்த முன்னுரிமையை மாற்றாதவர்கள் நாம்.

காவிரிக்காக நாம் உண்ணாநோன்பு இருந்திருக்கிறோம், பேருந்து மறித்திருக்கிறோம். 2007-இல் நடுவர்மன்றம் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்ட நீரில் சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கியது 10 டி.எம்.சி. இரு மாநிலங்களின் வழக்கறிஞர்களும் மற்ற ஒவ்வொரு டி.எம்.சி.க்கும் மோதினார்கள். அந்தப் பத்தைப் பற்றி, அது எந்த மாதம் எந்த மடுவுக்கு வேண்டும் என்று, சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள எத்தனை பல்கலைக்கழகத் துறைகள் ஆய்வு செய்தன? காவிரி அரசியல் பற்றி மட்டும் ஆய்வேடுகள் அலமாரி கொள்ளாமல் இருக்கின்றன.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. காவிரி வடிநிலத்தின் எந்த நீர்நிலையிலும் வெளி மகசீரை இருப்புச் செய்வதை அரசுகள் வெளிப்படையாக நிறுத்த வேண்டும். இதுவரை எங்கே, எந்த ஆண்டு, எவ்வளவு விட்டார்கள் என்ற பதிவேடுகளைப் பொதுவில் வைக்க வேண்டும். மோயாற்றிலும் பவானிசாகரிலும் வலை வீசும் குடும்பங்களைச் சந்தேகப்பட்டியலில் வைத்துக்கொண்டு அந்த மீனைக் காக்க முடியாது. அவர்கள் பிடிப்பதை இனவாரியாகப் பதியும் பணியை, கூலியோடும் அவர்கள் மொழியிலும் தொடங்க வேண்டும். இந்தியச் சூழலியல் இதழ்களின் மதிப்பீட்டாளர்கள், இனப்பெயர் குறிக்காமல் 'மகசீர்' என்று மட்டும் வரும் எந்தக் கட்டுரையையும் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். திமில் மகசீரைச் செயற்கையாகப் பெருக்கும் பேச்சும் அவ்வப்போது எழுகிறது. அப்படி ஒரு பொரிப்பகம் வருமானால், தாய் மீன்களின் மரபணுச் சோதனை முடியும் முன் ஒரு குஞ்சுகூட ஆற்றில் இறங்கக் கூடாது. மோயாற்றில் எஞ்சியிருப்பவை எத்தனை என்பதே இன்னும் எண்ணப்படாத நிலையில், முதல் வேலை எண்ணுவதுதான். வரும் கோடையில், மடுக்கள் சுருங்கி மீன் ஒதுங்கும் மாதங்களில், அதைத் தொடங்கலாம்.